ஹந்தானை மலையில ரெண்டு கட்டிடக் கதை: தோட்டம் கெம்பஸ் ஆனதும் ஸ்டோரு மியூசியம் ஆனதும்

கண்டியில இருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கம் போற பஸ்ஸெல்லாம் பேராதனைக் கெம்பஸுக்கு நடுவாலதான் போகும். அதனால அங்க படிக்கவே போகாத தோட்டத்துச் சனத்துக்கும் செனட் கட்டிடம் எது, நூலகம் எது, புள்ளைங்க தங்குற விடுதி ஹோல் எது எங்க இருக்குன்னு ஓரளவுக்குத் தெரியும். ஆனா அந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற காணி கெம்பஸ் ஆகுறதுக்கு முன்ன நியூ பேராதெனிய எஸ்டேட்னு ஒரு தோட்டம்தான்னு சொன்னா நெறையப் பேரு ஆச்சரியமாப் பாக்குறாங்க. அதே ஹந்தானை மலையோட மறுபக்கம், கண்டி டவுன்ல இருந்து ஏறிப் போனா, 1925ல கட்டுன தேயிலை ஸ்டோரு, அதாவது தேயிலைத் தொழிற்சாலை, ஒன்னு இருக்கு, அது இப்ப தேயிலை மியூசியம். ஒரே மலை. ஒரு பக்கம் தோட்டத்த எடுத்துப் பல்கலைக்கழகம் கட்டுனாங்க, இன்னொரு பக்கம் பாழாக் கிடந்த ஸ்டோர எடுத்து மியூசியம் ஆக்கினாங்க.

ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். பழைய கட்டிடத்தக் காப்பாத்துறதப் பத்தி நம்ம ஊர்ல பேசுறவங்க கூரை, தூண், சித்திர வேலைன்னு அழகப் பத்தியே பேசுவாங்க. ஒரு கட்டிடம் புது வேலைக்கு வளைஞ்சு குடுக்குமா குடுக்காதான்றத அழகு தீர்மானிக்கிறதில்லங்க, உள்ள என்ன வேலைக்காக எப்படிப் பிரிச்சுக் கட்டுனாங்கன்றதுதான் தீர்மானிக்குது. அதோட, காப்பாத்துறவங்க கணக்குல அந்த எடத்துல வேலை செஞ்ச ஆளுங்க எப்பவும் கடைசியாத்தான் வர்றாங்க, சில நேரம் வர்றதே இல்ல.

மொதல்ல கெம்பஸ் கதை. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேணும்னு 1906லயே ஒரு சங்கம் வச்சுக் கேக்கத் தொடங்கிட்டாங்க, அதுல முன்னுக்கு நின்னவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கேட்டது கெடைக்கல, அதுக்குப் பதிலா 1921ல கொழும்புல யுனிவர்சிட்டி கொலேஜ் வந்துச்சு. அது உக்காந்த எடமே ஒரு பழைய கட்டிடம்தான். 1912ல டி சொய்சா குடும்பத்துல ஒருத்தர் கட்டுன ரெஜினா வளவ்வ மாளிகைய அரசாங்கம் வாங்கி கொலேஜ் ஹவுஸ்னு பேர் மாத்திச்சு. பணக்கார வீட்டுல பெரிய கூடமும் அகல வராந்தாவும் இருக்கும், ஒபீஸ் போட லேசு, அதனால இன்னைக்கும் அது கொழும்புப் பல்கலைக்கழகத்தோட நிர்வாகக் கட்டிடமா ஓடுது.

உண்மையான பல்கலைக்கழகத்த எங்க கட்டுறதுன்னு அதுக்கப்புறம் நடந்த இழுபறி கொஞ்சநஞ்சமில்ல. கொழும்புலயே இருக்கட்டும்னு ஒரு கூட்டம், மலைநாட்டுக்குக் கொண்டு போகணும்னு இன்னொரு கூட்டம், தும்பறைப் பக்கம் பாத்து, அதையும் விட்டு, கடைசியா பேராதனைக்கு வந்து நின்னாங்க. 1940ல பேட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபோர்ட் ஹாலிடேயும் வரைபடம் போட்டாங்க. 1942ல இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி உருவாச்சு, மொதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். கட்டிடங்கள வரைஞ்சது ஷேர்லி டி அல்விஸ். ரெண்டாம் உலகச் சண்டைக் காலம் வேற, 1944ல நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன்னோட தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தப் பக்கத்துலயே பேராதனைப் பூங்காவுக்குள்ள கொண்டுவந்து போட்டாரு, சீமெந்தும் இரும்பும் கெடைக்கிறதே பெரும் பாடு. கடைசியா 1952லதான் பெரும்பகுதி கொழும்புல இருந்து இங்க வந்துச்சு, அதே வருஷம் டி அல்விஸ் செத்துப் போனாரு. 1954 ஏப்ரல் 20, எலிசபெத் மகாராணி வந்திருக்க, அவரோட கணவர் எடின்பரோ கோமகன் திறந்து வச்சாரு. ஏற்கனவே திறந்து ரெண்டு வருஷமா ஓடிட்டிருந்த எடம்ன்றதால 'வழக்கத்தவிட இன்னும் கொஞ்சம் திறந்ததா அறிவிக்கிறேன்'னு பகிடியா சொன்னாராம், அது இன்னைக்கும் கெம்பஸ்ல ஓடுற கதை.

டி அல்விஸ் செஞ்சது சும்மா இல்ல. மலைய வெட்டிச் சமப்படுத்தாம சரிவோட போக்குலயே கட்டிடங்கள நீட்டி வச்சாரு. கண்டிப் பாணியில மடிச்ச கூரை, மழை சுவர்ல அடிக்காத அளவுக்கு வெளிய நீட்டுன தாழ்வாரம், செனட்டுக்குக் கீழ கண்டி ராஜாவோட சபை மண்டபமான மகுல் மடுவத் தூண் மாதிரிச் செதுக்குன தூணுங்க. எந்தப் பக்கம் நின்னாலும் பின்னால ஹந்தானை தெரியுற மாதிரி வச்சிருக்காங்க. இதெல்லாம் உண்மையிலயே நல்ல வேலை, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

சிக்கல் ஹோல்லதான். ஜெனிங்ஸ் நெனச்சது ஆயிரம் புள்ளைங்க அளவுக்கு, எல்லாரும் உள்ளயே தங்கிப் படிக்கிற, ஆளுக்கொரு ரூம் இருக்குற பல்கலைக்கழகம். அருணாசலம் ஹோல், ஜயதிலக்க ஹோல், ராமநாதன் ஹோல், மார்ஸ் ஹோல், ஜேம்ஸ் பீரிஸ் ஹோல்னு ஒவ்வொன்னும் நடுவுல முத்தமும், சாப்பாட்டுக் கூடமும், நீட்டு நடைபாதையில வரிசையா சின்னச் சின்ன ரூமுமா கட்டுனது. ஒரு ஆளு, ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலுமாரி, ஜன்னலத் தொறந்தா மலை. 1960ல இருந்து கலைப்பீடத்துல சிங்களத்துலயும் தமிழ்லயும் படிப்பிக்கத் தொடங்க, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகாத புள்ளைங்களுக்கும் கதவு திறந்துச்சு. 1962ல மருத்துவ பீடம் வந்துச்சு, அடுத்தடுத்து பொறியியல் பீடமும் கொழும்புல இருந்து மகாவலிக்கு அந்தக் கரைக்கு வந்துச்சு. இப்ப 9 பீடம், பத்தாயிரத்துக்கு மேல புள்ளைங்க. ஆயிரத்துக்குப் போட்ட திட்டத்துல பத்தாயிரம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, அந்த ரூம வேற என்னதான் பண்ண முடியும்? ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல செங்கல் சுவர் நிக்குது, மேல் மாடியோட பாரம் சுவர் மேல உக்காந்திருக்குன்னா அத இடிச்சுப் பெரிய ரூமாக்குறது பெரிய வேலை, பழைய கட்டிடம்ன்றதால கை வைக்கவும் யோசிப்பாங்க. ஆகவே செய்யக்கூடியது ஒன்னே ஒன்னுதான், கட்டில் மேல கட்டில் போடுறது. ஒரு ஆளு ரூம் ரெண்டாளு மூனாளு ரூமாச்சு, மேசைக்கு எடமில்லாம புள்ளைங்க நூலகத்துக்கும் நடைபாதைக்கும் போச்சுதுங்க. கழிவறையும் தண்ணிக் குழாயும் ஆரம்பத்துல போட்ட கணக்குலயே நிக்கும், அதுதான் மொதல்ல உடையும். பூசிப் பூசி வெள்ளையடிச்ச சுவரப் பாத்துட்டு வெளிய இருக்குறவங்க 'எவ்வளவு அழகா வச்சிருக்காங்க'ன்னு சொல்லுவாங்க, உள்ள ஈரத்துணி காயப்போட எடம் தேடுற புள்ளைக்குத்தான் தெரியும். கட்டிடம் மாறவே இல்ல, அதுக்குள்ள இருக்குற வாழ்க்கைதான் மாறிப்போச்சு.

இதுக்கு நேர்மாறா யாழ்ப்பாணத்துல ஒன்னு நடந்துச்சு, இங்க சொல்லியே ஆகணும். அருணாசலத்தோட அண்ணன் சேர் பொன்னம்பலம் இராமநாதன், பேராதனையில ஹோலுக்குப் பேர் வச்சிருக்காங்களே அவர்தான், 1921ல திருநெல்வேலியில பரமேஸ்வராக் கல்லூரிய ஆரம்பிச்சாரு. 1974ல யாழ்ப்பாண வளாகம் தொடங்குனப்ப அந்தக் கல்லூரிக் கட்டிடங்களுக்குள்ளதான் தொடங்குனாங்க, கோயிலும் அப்படியே இருக்கு. பள்ளிக்கூடக் கட்டிடம் பல்கலைக்கழகமா மாறுறது பெரிய விஷயமில்ல, வகுப்பறை வகுப்பறைதானே. விடுதி ரூம்தான் வேற எதாவும் மாற மாட்டேங்குது.

சரி, இப்ப மலையத் தாண்டி ஸ்டோருக்கு வருவோம், ஏன்னா எனக்கு இதுதான் ருசியான பகுதி.

தேயிலை ஸ்டோர வெளிய இருந்து பாத்திருப்பீங்க, நாலு மாடி, தகரக் கூரை, வரிசை வரிசையா எண்ண முடியாத ஜன்னல். ஏன் அத்தன ஜன்னல்? மேல் மாடியெல்லாம் கொழுந்து வாட்டுறதுக்கு. பச்சைக் கொழுந்துல முக்கால்வாசிக்கு மேல தண்ணி, ரோலர்ல போடுறதுக்கு முன்ன அதுல ஒரு பங்க காத்துல போக்கியாகணும், இல்லன்னா இலை சுருளாது, நொறுங்கிப் போயிரும். பழைய காலத்துல சாக்குத் துணிய அடுக்கடுக்கா இழுத்துக் கட்டி அதுல கொழுந்த மெல்லிசா பரப்பி ராத்திரி பூரா விட்டுருவாங்க. வெயில் நாள்ல ஜன்னலத் தொறந்தா போதும், மழை நாள்ல கீழ டிரையர்ல இருந்து வர்ற சூட்டுக்காத்த பெரிய காத்தாடி வச்சு மாடிக்கு இழுப்பாங்க. வாடுன கொழுந்து மேல இருந்து ஓட்டை வழியா கீழ விழும், கீழ ரோலர், அப்புறம் ஈரமா குளுகுளுன்னு வச்சிருக்குற தரையில பரப்பி நிறம் மாற விடுறது, அப்புறம் டிரையர், சலிக்கிறது, பெட்டியில அடைக்கிறது. நூறு கிலோ பச்சைக் கொழுந்து மேல போனா கீழ இருபத்தி ரெண்டு கிலோ சுமாருக்குத் தூள் வரும்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கனமான மெஷினெல்லாம் தரையில, மேல் மாடியில எடையே இல்லாத இலை, அதோட நடுவுல சுவரே இல்லாத நீட்டு மாடி. பிறகு கொழுந்தக் குவிச்சுப் போட்டு அடியில இருந்து காத்தடிக்கிற தொட்டி வந்தப்ப அத்தன மாடியே தேவைப்படல, ஓடிட்டிருந்த ஸ்டோர்லயே மேல் மாடி சும்மா கிடக்க ஆரம்பிச்சிடுச்சு. அதாவது ஸ்டோரு சாகுறதுக்கு முன்னாலயே அதுல பாதி காலியா வேற வேலைக்குக் காத்திட்டு நின்னுச்சு. வெளிச்சம் இருக்கு, காத்து இருக்கு, எடம் இருக்கு, எப்படி வேணும்னாலும் தடுத்துக்கலாம்.

ஹந்தானை ஸ்டோரு பத்து வருஷத்துக்கு மேல கைவிடப்பட்டுக் கிடந்துச்சு. கண்டிச் சுத்துவட்டாரத் தோட்டங்களுக்கு இது ஒன்னும் புதுசில்ல. இது நடுமட்டத் தேயிலை, நுவரெலியாத் தேயிலைக்குக் கெடைக்குற பேரும் இல்ல, கீழ்நாட்டுத் தேயிலையோட விளைச்சலும் இல்ல, செடியெல்லாம் பழசு. 1970கள்ல அரசாங்கம் தோட்டங்கள எடுத்தப்புறம் இந்தப் பக்கத்துல பல ஸ்டோர மூடிட்டு கொழுந்த லொறியில வேற ஸ்டோருக்கு அனுப்பத் தொடங்குனாங்க. மூடுன ஸ்டோருக்கு வழக்கமா நடக்குறது நம்ம எல்லாருக்கும் தெரியும், மொதல்ல பித்தளை சாமான் காணாமப் போகும், அப்புறம் மோட்டர், அப்புறம் ஜன்னல், கடைசியா கூரைத் தகரம். தகரம் போனா ரெண்டு மழையில பலகை மாடி உக்கி விழுந்துரும், அதோட கதை முடிஞ்சுது. ஹந்தானைக்கு அந்தக் கதி வராம தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேந்து எடுத்துத் திருத்தி 2001ல மியூசியமா திறந்தாங்க.

திருத்துன விதம் எனக்குப் பிடிச்சிருக்கு, அத சொல்லாம இருக்க முடியாது. கட்டிடம் எப்படி வேலை செஞ்சுச்சோ அந்த ஒழுங்க பெரிசா கலைக்கல. பழைய ரோலர், டிரையர், எஞ்சின்லாம் பல தோட்டத்துல இருந்து கொண்டுவந்து வச்சிருக்காங்க, தனி மாடியில நூலகமும் ஜேம்ஸ் டெய்லரோட பொருட்களும், அதுக்கு மேல தேயிலைக் கடைங்க, உச்சியில டீ குடிக்கிற எடம், மலையப் பாக்க ஒரு தொலைநோக்கி. டெய்லர் 1852ல இளவயசுல ஸ்கொட்லாந்துல இருந்து வந்து, 1867ல லூல்கந்துரத் தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை நட்டவரு. ரெண்டு வருஷத்துல கோப்பியில நோய் விழுந்து அந்தத் தொழிலே அழியத் தொடங்குனப்ப எல்லாரும் அவரு தோட்டத்தத்தான் திரும்பிப் பாத்தாங்க. 1892ல செத்தப்ப கண்டி மகியாவ மயானத்துல பொதச்சாங்க. அந்த லூல்கந்துரவுக்குப் போற வழியும் பேராதனைக் கெம்பஸுக்கு நடுவால போற அதே கலஹா ரோட்டுதான்.

இதே மாதிரி கந்தப்பளையில ஹெதர்செட் ஸ்டோரு பல வருஷம் மூடிக்கிடந்து 1996ல ஹோட்டலாச்சு. கொழுந்து வாட்டுன மாடியெல்லாம் இப்ப படுக்கை ரூம், ஜன்னல் வரிசையும் பழைய எஞ்சினும் அப்படியே இருக்கு, வெளிய ஒரு பழைய ரயில் பெட்டிய நிறுத்தி சாப்பாட்டுக் கடையாக்கி வச்சிருக்காங்க. கட்டிட வேலையா பாத்தா கெட்டிக்காரத்தனம். ஆனா அங்க ஒரு ராத்திரி தங்குற காசு பக்கத்து மலையில கொழுந்து பறிக்கிற அக்காவோட எத்தன நாள் சம்பளம்னு கணக்குப் போட்டா வயிறு எரியும், நான் போடல, நீங்களும் போட வேணாம்.

ஹோட்டலாக்குறதுன்னு சொன்னதும் நுவரெலியா தபால் கந்தோரு ஞாபகம் வருது. 1894ல கட்டுன செங்கல் கட்டிடம், மணிக்கூண்டோட, இன்னைக்கும் அங்க கடிதம் போடலாம். அத ஹோட்டல் கம்பனிக்குக் குடுக்கப் போறாங்கன்னதும் 2023 நவம்பர்ல தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் அவங்க பக்கம்தான் நியாயம். செத்துப்போன கட்டிடத்துக்கு உயிர் குடுக்கிறது வேற, தன் வேலைய ஒழுங்கா செஞ்சிட்டிருக்குற கட்டிடத்த அதுல இருந்து பிடுங்கி எடுக்கிறது வேற.

இப்ப ஆளுங்க கதைக்கு வர்றேன். பேராதனைக் கெம்பஸ் சுவரெல்லாம் எழும்பிட்டிருந்த அதே காலத்துலதான், 1948ல, பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழ்ச் சனத்துல பெரும்பாலானவங்க நாடில்லாதவங்களானாங்க. தோட்டக் காணியில நாட்டுக்கே பெருமையான பல்கலைக்கழகம் எழும்புது, தோட்டத்துச் சனம் வாக்குச்சீட்ட இழக்குது, ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துச்சு. கெம்பஸோட வரலாறுன்னு நான் படிச்சவரைக்கும் துணைவேந்தர் பேர் வரும், வரைபடம் போட்டவர் பேர் வரும், எந்த மரத்த யாரு நட்டாங்கன்னு கூட வரும். அந்தத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, இருந்தவங்க எங்க போனாங்கன்னு ஒரு பேச்சும் இல்ல. இதுல பெரிய முரண் என்னன்னா, ஹோலுக்குப் பேர் குடுத்த அருணாசலம் வெறும் பல்கலைக்கழகத்துக்காக மட்டும் போராடுன ஆளில்ல. 1919ல தொழிலாளர் நலன்புரிச் சங்கத்த ஆரம்பிச்சு, தோட்டத்துச் சனத்தக் கடன்ல கட்டி வச்சிருந்த துண்டு முறைக்கு எதிரா நின்னவரு, அவருகூட செயலாளரா நின்னது மலையகத்துல பிறந்து கேம்பிரிட்ஜ் வரைக்கும் போய்ப் படிச்ச பெரி. சுந்தரம். 1921ல துண்டு முறைய ஒழிச்சாங்க. அருணாசலம் ஹோல்ல தங்குற புள்ளைங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும்? அந்த ஹோல் வாசல்ல இத எழுதி ஒரு பலகை வச்சா என்ன செலவாகிடப் போகுது.

அதே மாதிரி ஹந்தானை மியூசியத்துல ரோலர் செஞ்ச கம்பனிப் பேரு இரும்புல வார்த்திருக்கு, துரைமார் படம் இருக்கு, ஆனா அந்த ரோலருக்குக் கொழுந்து அள்ளிப் போட்டவங்க பக்கம் ரொம்ப மெலிஞ்சு போய் இருக்கு. மெஷினக் காப்பாத்துன அக்கறையில பாதி கூட அவங்களுக்கு இல்ல. கெம்பஸ் பக்கமாவது நம்ம ஆளுங்களே சிலத உண்டாக்கிக்கிட்டாங்க, மேட்டுல குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கு, 1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் நாட்டுக்கூத்த மேடைக்குக் கொண்டுவந்து புது உயிர் குடுத்ததும் இந்தக் கெம்பஸ்ல வச்சுத்தான்.

இந்தக் குறைய நேரடியாத் தீர்க்கப் பாத்த எடம் ஒன்னு இருக்கு, கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துல. கண்டியில இயங்குற சமூக அபிவிருத்தி நிறுவனம் அங்க ஒரு பழைய லயத்தையே எடுத்துத் தேயிலைத் தொழிலாளர் மியூசியமா ஆக்கியிருக்கு. லயத்த மியூசியமா மாத்துறது கட்டிட வேலையா பாத்தா விடுதி ரூம மாத்துற மாதிரியே கஷ்டம்தான், ஒரு சின்னக் காம்பரா (ரூம்), ஒரு இஸ்தோப்பு (முன் வராந்தா), அடுத்தது இன்னொரு காம்பரா, சுவர எங்கயும் எடுக்க முடியாது. ஆனா அங்க அந்த இறுக்கமே சாமானுக்குப் பொருத்தமா வந்துருச்சு. ஒரு குடும்பம் பூரா சமைச்சுத் தூங்கிப் புள்ள பெத்து வளத்த அளவு என்னன்னு உள்ள நின்னாலே தெரியுது, எழுதி வைக்கத் தேவையில்ல. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, அம்மி, ஆட்டுக்கல், பழைய காகிதங்கன்னு சாதாரணச் சாமானுதான். மூனு கட்டிடத்துலயும் காசு ஆகக் கொறஞ்சது இதுதான்னு பாத்தாலே தெரியும், ஆனாலும் எனக்கு ஆகப் பிடிச்சது இதுதான்.

இனி மூடப் போற ஸ்டோருங்க இன்னும் இருக்கு, மலைநாட்டுல எந்த ரோட்டுல போனாலும் கூரை போன ஒன்ன பாக்கலாம். எல்லாத்தையும் ஹோட்டலாவோ மியூசியமாவோ ஆக்க முடியாது, அவ்வளவு டூரிஸ்ட்டும் வரப்போறதில்ல. மேல் மாடிகள தொழிற்பயிற்சி வகுப்புக்கும் தையல் வேலைக்கும், தோட்டத்துப் புள்ளைங்க ராத்திரியில படிக்கிற எடத்துக்கும் குடுத்தா போதும், வெளிச்சமும் காத்தும் அங்க ஏற்கனவே இருக்கு. செய்யிறதா இருந்தா தகரம் போறதுக்கு முன்ன செய்யணும். அதுக்கும் முன்னால ஒன்னு, ஸ்டோர மூடுற அன்னைக்கு எல்லாரும் மெஷினத்தான் எண்ணி எழுதி வைக்கிறாங்க, பக்கத்து ஒபீஸ் அலுமாரியில கிடக்குற செக்ரோல் புத்தகங்கள யாரும் கவனிக்கிறதில்ல. எந்த நாள் யாரு வேலைக்கு வந்து பேர் போட்டாங்க, எத்தன ராத்தல் கொழுந்து, எவ்வளவு கடன் கழிச்சாங்க எல்லாம் அதுலதான் இருக்கு, கரையானுக்கும் அடுப்புக்கும் போறதும் அதுதான். பேராதனையில வரலாற்றுத் துறை இருக்கு, தமிழ்த் துறை இருக்கு, பெரிய நூலகமும் இருக்கு, கலஹா ரோட்டுல பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் மேல போனா தோட்டம். ஒரு வேன் எடுத்துட்டு வந்து அந்தப் புத்தகங்கள ஏத்திட்டுப் போறதுக்கு பெரிய திட்டம் எதுவும் வேணாம், தோட்டத்து மனேஜர்கிட்ட ஒரு கடிதம் குடுத்தா போதும்.